புகையும் பயமும்

புகையைச் சுற்றுச்சூழல்காரர்கள் பார்த்துக்கட்டும், வன்முறையை நாம் பார்ப்போம் என்றொரு வேலைப் பிரிவினை நம்மிடையே நிலவுகிறது. உடலுக்கு அந்தப் பிரிவினை தெரியாது என்பதே என் வாதம்.

அமெரிக்காவில் கிழக்கு பாஸ்டன் குழந்தைகளிடையே ஆஸ்துமா குறித்து 2007இல் ஓர் ஆய்வு வெளியானது. வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடுக்கும் ஆஸ்துமாவுக்குமான தொடர்பு, வன்முறையை அதிகம் எதிர்கொண்ட குழந்தைகளிடம் மட்டுமே துலங்கியது. 2009இல் தெற்குக் கலிஃபோர்னிய ஆய்வொன்று, பெற்றோர் மன அழுத்தத்தில் உழலும் வீட்டுப் பிள்ளைகளை வாகனப் புகை கூடுதலாகத் தாக்குவதைக் காட்டியது.

இதை இப்படி விளக்குகிறார்கள்: புகை மூச்சுக்குழாயில் அழற்சியை உண்டாக்குகிறது. அதைத் தணிப்பது கார்ட்டிசால் என்னும் சுரப்பு. ஓயாத பயத்திலும் பணக்கஷ்டத்திலும் அது சுரந்துகொண்டே இருந்தால், நோயெதிர்ப்புச் செல்கள் ஒரு கட்டத்தில் அதன் பேச்சைக் கேட்பதில்லை. அழற்சி அடங்காமல் நீடிக்கிறது.

ஆகவே, ‘காத்து வரம்புக்குள்ளதான் இருக்கு, அவங்க வாழ்க்கைமுறைதான் சரியில்ல’ என்று அதிகாரம் சொல்லும்போது, அந்த வரம்பு யாருடைய உடலை மனதில்வைத்துப் போட்டது என்று நாம் கேட்டாக வேண்டும். காற்றை அளக்கிற தெருவிலேயே கடனையும் வாடகை பாக்கியையும் அடிதடியையும் சேர்த்துக் கணக்கெடுக்கணும்.