கடைமடைக்கு எட்டாத வெளிச்சம்

தை பிறந்து சம்பா அறுவடை சூடு பிடித்துவிட்டால் தஞ்சை வட்டாரத்துச் சாலைகளுக்கு ராத்திரியிலும் ஓய்வு கிடையாது. அறுவடை இயந்திரங்கள் ஒரு ஊரை முடித்துக்கொண்டு அடுத்த ஊருக்கு நகர்வது பெரும்பாலும் இருட்டிய பிறகுதான். கொள்முதல் நிலையத்தில் முந்தி இடம்பிடிக்க நெல் மூட்டைகளோடு குட்டி யானைகளும் பிக்கப்புகளும் ஓடுவதும் அந்த நேரத்தில்தான். ஊர்ச் சாலைகளின் அகலம் எல்லோருக்கும் தெரிந்ததே: ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல், எதிரே ஒரு வண்டி வந்தால் யாராவது ஒருவர் மண்ணில் இறங்கியாக வேண்டும். அந்தத் தாரிலும் பாதியில் நெல் காய்கிறது. அரசு விதியைத் தளர்த்தாவிட்டால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிற நெல்லைத்தான் எடுப்பார்கள். களம் இல்லாதவர் சாலையை விட்டால் எங்கே போவார்? பொழுது சாய்ந்ததும் நெல்லைக் கூட்டிக் குவித்து, தார்ப்பாயைப் போர்த்தி, காற்றில் பறக்காமலிருக்கச் சுற்றிலும் கருங்கல்லை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். கறுப்புத் தாரின்மேல் கருங்கல்.

இதைப் பார்த்து ஓட்ட வேண்டிய ஓட்டுநருக்கு முதலில் தோன்றுவது, ஹெட்லைட்டை மாற்றிவிடலாம் என்பதே. உதிரிபாகக் கடைக்குப் போனால் பழைய ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு, அதே ஹோல்டரில் பளீரென்ற வெள்ளை எல்இடியை மாட்டித் தருகிறார்கள். இரண்டு நிமிட வேலை. வண்டிக்கு முன்னால் தரை பகலாகத் தெரிகிறது. ஓட்டுநருக்குத் திருப்தி. ஆனால் அறுபது மீட்டர் தள்ளிக் கிடக்கும் கல் முன்னைவிடத் தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை.

டெல்டாக்காரருக்கு இதை விளக்குவது எளிது. கல்லணையில் எவ்வளவு தண்ணீர் திறந்தாலும், வாய்க்கால் ஒழுங்காக இல்லாவிட்டால் தலைமடை வயல்கள் மூழ்கும், கடைமடை காயும். ஹெட்லைட்டிலும் பல்பு என்பது திறக்கிற தண்ணீர் மட்டும்தான். அதைத் தூரத்துக்குக் கொண்டுசேர்க்கும் வாய்க்கால், பின்னாலிருக்கும் குழிந்த ரிஃப்ளெக்டர்.

நம் சரக்கு வண்டிகளில் நெடுங்காலமாகப் புழங்கும் எச்-4 பல்பையே எடுத்துக்கொள்வோம். 1971இல் வந்த வடிவம் இது. ஒரே கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு டங்ஸ்டன் இழைகள்: பிரைட்டுக்கு 60 வாட்ஸ், டிம்முக்கு 55 வாட்ஸ். பிரைட் இழை ரிஃப்ளெக்டரின் குவியத்தில் உட்காரும். அங்கிருந்து கிளம்பும் ஒளி குழிவில் பட்டு ஏறக்குறைய இணைகோடுகளாக நேரே பாயும். டிம் இழை குவியத்துக்குச் சற்று முன்னால் இருக்கும். அதிலிருந்து ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் படும் ஒளி கீழ்நோக்கித் திரும்பிச் சாலையில் விழும். கீழ்பாதியில் படும் ஒளியோ மேல்நோக்கித் திரும்பி எதிரே வருபவரின் கண்ணுக்குள் போய்விடும். அதனால் டிம் இழைக்கு அடியில் சின்னதாக ஓர் உலோகத் தொட்டியை வைத்து, கீழ்பாதிக்குப் போகும் ஒளியை அடியோடு மறித்துவிட்டார்கள். கிட்டத்தட்டப் பாதி வெளிச்சத்தைத் தெரிந்தே வீணாக்கும் கருவி இது! அந்தத் தொட்டியின் ஒரு விளிம்பை மட்டும் 15 டிகிரி சாய்த்துவிட்டதில் இன்னொரு வித்தையும் இருக்கிறது. வலப்பக்கம் எதிர்வண்டி இருப்பதால் அங்கே ஒளி தாழ்ந்தே இருக்கும். இடப்பக்கம் மட்டும் சற்று மேலேறி, சாலையோரத்தில் நடப்பவரையும் மைல் கல்லையும் காட்டும். வலப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளுக்கான விளக்கில் இந்த ஏற்றம் வலப்பக்கத்தில் இருக்கும். அதை வாங்கி இங்கே மாட்டினால் எதிரே வருபவருக்குத்தான் வழி தெரியாமல் போகும்.

இந்த ஏற்பாடு முழுவதும் இழை இருக்கும் இடத்தை நம்பியிருக்கிறது. ரிஃப்ளெக்டரின் குவியத் தொலைவு 25 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒளி கிளம்பும் புள்ளி 1 மில்லிமீட்டர் பிசகினாலே 40 மீட்டர் தொலைவில் ஒளி விழும் இடம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் பிசகும். எல்இடி பல்பில் சுற்றிலும் ஒளி விடும் மெல்லிய இழை கிடையாது. தட்டையான சில்லுகளை ஒரு தகட்டின் இரு பக்கமும் ஒட்டியிருப்பார்கள். தகட்டின் தடிமனே இழையின் இடத்தைத் தின்றுவிடும். ஒளி அதிகம்தான், ஆனால் அது போகும் வழி வேறு. நிறைய ஒளி வண்டிக்கு முன்னால் ஐந்தாறு மீட்டரில் கொட்டுகிறது, கொஞ்சம் மேலே எழும்பி எதிரே வருபவரைத் தாக்குகிறது. பக்கத்துத் தரை அவ்வளவு பளிச்சென்று இருந்தால் ஓட்டுநரின் கண்ணும் அந்த வெளிச்சத்துக்குப் பழகி, தூரத்து இருட்டை இன்னும் மோசமாகக் காண்கிறது. எல்இடியின் மேல் குற்றமில்லை. 2007இல் லெக்சஸ் நிறுவனம் டிம் விளக்காக எல்இடியை வைத்தபோது அதற்கென்றே லென்ஸையும் வடிவமைத்தது. முழு விளக்கையும் எல்இடிக்காகச் செய்த வண்டிகள் நன்றாகவே காட்டுகின்றன. ஹாலஜனுக்குச் செய்த கூட்டில் எல்இடியைக் குடிவைப்பதுதான் தகராறு.

தூரம் கேட்கிற விலையும் அதிகம். இரண்டு மடங்கு தொலைவில் அதே அளவு வெளிச்சம் விழ நான்கு மடங்கு செறிவு வேண்டும். ஆகவே 55 வாட்ஸுக்குப் பதில் 90 வாட்ஸ் பல்பு போட்டால் எல்லாம் தெரியும் என்பதும் நடக்காத காரியம். கம்பியில் பாயும் மின்னோட்டம் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும், கம்பியில் உண்டாகும் சூடு அதன் வர்க்கமாக இரண்டரை மடங்கைத் தாண்டும். ஹோல்டர் உருகும். ரிஃப்ளெக்டரின் பூச்சு கருகும். அதோடு அது சட்டப்படியும் செல்லாது.

பழைய வண்டியில் வெளிச்சம் மங்கியதற்குப் பல்பு காரணமாக இல்லாமலே போகலாம். பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் சாவி, சுவிட்சு, ஸ்டீயரிங் அடியிலுள்ள கைப்பிடி என்று சுற்றி, பச்சை பூத்த இணைப்புகளைத் தாண்டி விளக்குக்கு வருவதற்குள் அழுத்தம் குறைந்துவிடுகிறது. ஹாலஜன் இழைக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு: வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் ஒளி ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். தேர்ந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் பேட்டரியிலிருந்து தனியாக ஒரு தடித்த கம்பியை இழுத்து, ஃபியூஸும் ரிலேயும் வைத்து, எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் அதே பல்பு புதுப்பல்பாக எரியும். ரிலே ஏற்கெனவே உள்ள புதிய வண்டிகளுக்கு இது தேவைப்படாது. என் கணிப்பில் பத்து வருடத்துக்கு மேற்பட்ட பிக்கப்புக்கு இதைவிட லாபமான மாற்றம் இல்லை.

ஆனால் நெல் ஏற்றும் வண்டிக்கென்றே ஒரு கோளாறு இருக்கிறது. அதை எந்தப் பல்பும் தீர்க்காது. குட்டி யானை என்று நாம் சொல்லும், 2005இல் வந்த டாடா ஏஸின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.1 மீட்டர்தான். பின்னால் 40 கிலோ மூட்டைகளை அடுக்க அடுக்கப் பின் ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கும், மூக்கு நிமிரும். பின்பக்கம் 5 சென்டிமீட்டர் கூடுதலாக இறங்கியது என்று கொள்வோம். விளக்கு தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில், மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் தாழும்படி சரியாக வைக்கப்பட்டது என்றும் கொள்வோம். வெறும் வண்டியில் டிம் ஒளியின் மேல்விளிம்பு 40 மீட்டர் தொலைவில் தரைக்கு 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். பாரம் ஏறிய வண்டியில் அதே விளிம்பு அதே தொலைவில் 125 சென்டிமீட்டருக்கு ஏறிவிடும். அது காரில் வருபவரின் கண்மட்டம். டிம் போட்டுத்தான் ஓட்டுகிறேன் என்று இவர் சத்தியம் செய்வார். பிரைட் அடிக்கிறான் என்று எதிரே வருபவர் திட்டுவார். இருவரும் பொய் சொல்லவில்லை.

இதற்காகவே பல வண்டிகளின் முன்பலகையில் 0, 1, 2, 3 என்று எண்ணிட்ட ஒரு சிறு குமிழ் இருக்கிறது. பாரம் ஏற ஏற எண்ணை ஏற்றினால் விளக்கு தாழும். அது எதற்கென்றே தெரியாமல் வண்டியை விற்றுவிட்டவர்களும் உண்டு.

வாங்கும் கண்ணின் பக்கமும் பார்க்க வேண்டும். எதிர்விளக்கின் ஒளி கண்ணுக்குள் நுழைந்ததும் லென்ஸிலும் உள்திரவத்திலும் சிதறி, பார்க்கும் காட்சியின்மேல் ஒரு வெண்திரையைப் போர்த்துகிறது. பார்வைக்கோட்டுக்கும் அந்த விளக்குக்கும் உள்ள கோணம் பாதியானால் திரையின் அடர்த்தி சுமார் நான்கு மடங்காகும். நான்குவழிச் சாலையைவிட வடுவூர், ஒரத்தநாடு பக்கத்து ஒற்றைச் சாலைகளில் கூச்சம் அதிகமாக உறுத்துவது இதனால்தான். விளக்கை முறைக்காமல் சாலையின் இடது ஓரத்தைப் பார்த்து ஓட்டச் சொல்வதும் இந்தக் கணக்கின்படியே. வயது ஏற ஏறச் சிதறல் கூடும், கண்புரை தொடங்கியவருக்கு இன்னும் மோசம். கண் தெளிய மூன்று விநாடி ஆகிறது என்றால், 50 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் 42 மீட்டர் குருட்டாட்டமாகக் கடந்துவிடுகிறோம்.

குறுவை அறுவடையின் வாலில் ஐப்பசி மழை வந்து சேர்ந்தால் வேறொரு விளையாட்டு. காய்ந்த தார் சொரசொரப்பானது. விழும் ஒளியில் கொஞ்சத்தையாவது எல்லாப் பக்கமும் சிதறி, நம் பக்கமும் அனுப்பும். அதன்மேல் நீர்ப்படலம் படிந்ததும் கண்ணாடியாகி, நம் ஒளியை அப்படியே முன்னோக்கி வழுக்கிவிடுகிறது. நமக்குச் சாலை கறுத்துப்போகிறது, எதிரே வருபவருக்கு விளக்கு இரண்டாகத் தெரிகிறது. வெள்ளைக் கோட்டில் தூவிய கண்ணாடி மணிகளும் தண்ணீருக்குள் மூழ்கினால் ஒளியைத் திருப்பி அனுப்பும் திறனை இழக்கின்றன. மழையில் வாட்ஸ் கூட்டுவது கூச்சத்தைத்தான் கூட்டும்.

மார்கழிப் பனிமூட்டத்தை மஞ்சள் விளக்கு ஊடுருவும் என்பது பாதி நம்பிக்கை. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே சிதறும். மஞ்சளின் பயன் கண்கூச்சம் குறைவது. தாழ்வாகப் பொருத்திய விளக்கும் மெதுவான வேகமும்தான் அங்கே கைகொடுக்கும். வைக்கோல் புகை கலந்துவிட்டால் கதை மாறும். நுண்துகள்கள் நீலத்தைக் கூடுதலாகச் சிதறுவதால் நீலம் பாய்ந்த எல்இடி அங்கே திணறும்.

பூச்சிகளையும் சொல்லியாக வேண்டும். விளக்கைச் சுற்றிப் பூச்சிகள் மாட்டிக்கொள்வது ஏன் என்பதற்கு 2024இல் வெளியான ஓர் ஆய்வு அழகான விளக்கம் தந்தது: வானம் எப்போதும் வெளிச்சமான பக்கம் என்பதால் அவை முதுகை ஒளியின் பக்கம் சாய்த்தே பறக்கின்றன, விளக்கு வந்ததும் மேல் எது, கீழ் எது என்ற கணக்கு குலைந்து அதையே வட்டமிடுகின்றன. அவற்றின் மிச்சம் லென்ஸில் அப்பிக் காய்கிறது. அதைக் கழுவுவதற்குச் செலவில்லை. வெயிலில் மஞ்சளித்த பிளாஸ்டிக் லென்ஸைத் தேய்த்து மெருகேற்றினாலும் பழைய வெளிச்சம் பெரிதும் திரும்பும்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989 இந்த விவகாரத்தைச் சில எண்களில் முடித்துவிடுகின்றன: விளக்குக்கு முன்னால் 8 மீட்டரில், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது. வாட்ஸைப் பற்றிய பேச்சைவிட இது கூர்மையான அளவுகோல்.

விளக்கை எவ்வளவு சீர்செய்தாலும் வேகத்தின் கணக்கு மிச்சமிருக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் கல்லைக் கண்டு காலை பிரேக்குக்குக் கொண்டுபோக இரண்டு விநாடி என்றால் 33 மீட்டர் போய்விடும். ஈரச்சாலையில் நிற்க இன்னும் சுமார் 28 மீட்டர். டிம் வெளிச்சத்தில் கறுப்புப் பொருள் அந்த 60 மீட்டருக்கு முன்பே தெரிவது அரிது. 40 கிலோமீட்டர் வேகத்தில் 35 மீட்டருக்குள் வண்டி நின்றுவிடும்.

இந்த அறுவடைக்கு இரண்டு வேலை செய்யுங்கள். மூட்டை ஏற்றிய நிலையிலேயே வண்டியைச் சமதரையில், சுவருக்கு 10 மீட்டர் முன்னால் நிறுத்தி டிம் போடுங்கள். ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்தைவிட 10 சென்டிமீட்டர் தாழ்வாக விழும்வரை குமிழையோ திருகையோ சரிசெய்யுங்கள். பாரம் இறக்கியதும் பழைய நிலைக்குத் திருப்ப மறக்காதீர்கள். புது பல்புக்கென்று வைத்திருக்கும் பணத்தில் சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப் வாங்கி, உங்கள் டிராக்டர் ட்ரெய்லரின் பின்பலகையிலும் நெல்லுக்குக் காவல் வைக்கும் கற்களிலும் ஒட்டிவிடுங்கள்.