கடை இட்லி வாங்கினால் கௌரவக் குறைச்சலா?



சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி எழுதியிருந்தார். வீட்டில் பெண்கள் இருக்கும்போது ஓட்டலில் பார்சல் வாங்குவது சோம்பேறித்தனம், கொரோனா காலத்தில் தொற்றிக்கொண்ட இந்தப் பழக்கம் இன்னும் நம்மை விட்டபாடில்லை என்று வருத்தப்பட்டிருந்தார். அவர் சொன்னதில் பாதி எனக்கும் சம்மதம்தான். வாரத்தில் நாலு நாள் ஃப்ரைடு ரைஸ் வாங்கிக் கொடுத்து, பிள்ளை வீட்டு ரசத்தைத் தொடமாட்டேங்கிறான்னு புலம்பினால் யார் என்ன செய்ய முடியும்? ஆனால் மீதிப் பாதிக்குப் பதில் எழுதாமல் இருக்க மனசு வரவில்லை. நான் இருப்பது ஊட்டி காந்தலில். அந்த இரண்டு வருஷம் எங்கள் தெருவில் பார்சல் வாங்கிய கதையே வேறு.

ஊட்டிக்கு டூர் வந்தவர்களுக்குப் பூங்காவும் ஏரியும் தெரியும். குருசடி திருத்தலத்துக்கோ, காசி விஸ்வநாதர் கோயிலுக்கோ வந்தவர்களுக்குத்தான் காந்தல் தெரிந்திருக்கும். நெருக்கமான வீடுகள், படி ஏறி இறங்கும் சந்துகள். டாக்சி ஓட்டுகிறவர்கள், காட்டேஜில் ரூம் கூட்டுகிறவர்கள், சமையல் வேலைக்குப் போகிறவர்கள் என்று டூரிஸ்ட் வந்தால்தான் அடுப்பு எரியும் குடும்பங்கள் ஏராளம். ஏப்ரல், மே இரண்டு மாதச் சீசனில் சம்பாதித்ததை வைத்துத்தான் ஜூன், ஜூலை மழையைத் தள்ள வேண்டும். எங்கள் ஊர்க் கணக்கு அது.

2020 மார்ச் 24 சாயங்காலம் 144 போட்டார்கள். மறுநாள் நாடு முழுக்க ஊரடங்கு. சீசன் வர வேண்டிய நேரத்தில் ஊரே வெறிச்சோடியது. ஏப்ரலில் எங்கள் காந்தலைத் தடுப்பு வைத்து அடைத்தே விட்டார்கள். அந்த வருஷம் மலர்க் கண்காட்சி கிடையாது, அடுத்த வருஷமும் கிடையாது. 124-வது கண்காட்சி என்று 2020-ல் நடந்திருக்க வேண்டியது, 2022 மே 20-ந் தேதிதான் நடந்தது. அப்படியானால் இரண்டு சீசன் முழுசாகப் போயிற்று என்று அர்த்தம்.

பெரிய ஓட்டல்காரர்கள் கதவைச் சாத்திவிட்டு ஆட்களை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களுக்கும் நஷ்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது எங்கள் தெரு முனையில் இருக்கும் சின்ன மெஸ். நாலு பெஞ்சு, ஒரு கல்லா, பின்னால் சமையல். ஒரு அக்காவும் அவர் வீட்டுக்காரரும் நடத்துகிறார்கள். மாவு அரைக்க ஒரு அம்மா, பாத்திரம் தேய்க்க ஒரு பெண். சாப்பிட வருகிறவர்கள் டிரைவர்கள், தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பையன்கள், வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். அரசாங்கம் பார்சல் கொடுக்க அனுமதித்தது உண்மை. ஆனால் வாங்குவதற்கு ஆள் வேண்டாமா? ரூம் பையன்கள் எல்லாரும் ஊரைப் பார்க்கப் போய்விட்டார்கள். உள்ளூர்க் குடும்பங்களோ கடையில் வாங்கிப் பழக்கமில்லாதவர்கள்.

இங்கேதான் மாவு விஷயத்தைச் சொல்ல வேண்டும். சமவெளியில் இருக்கும் சகோதரிகளுக்கு இது புரியாது. அங்கே ராத்திரி அரைத்து வைத்தால் காலையில் பொங்கி வழிந்திருக்கும். ஊட்டிக் குளிரில் இட்லி மாவு அவ்வளவு லேசில் புளிக்காது. கம்பளி சுற்றி வைப்போம், அடுப்பு மேடையில் சூட்டோரமாக வைப்போம், வெந்நீர் ஊற்றிய அண்டாவுக்குள் இறக்கி வைப்போம். அப்படியும் டிசம்பர், ஜனவரியில் மாவு கல்லு மாதிரிக் கிடக்கும். மெஸ்ஸில் மதியமே அரைத்தால்தான் மறுநாள் காலை இட்லி மெத்தென்று வரும். அதாவது நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமலேயே இன்றைக்கு அரைத்தாக வேண்டும். கடை திறந்திருந்த காலத்தில் அக்காவுக்குக் கண் திட்டம் உண்டு. ஊரடங்கில் அது போச்சு. ஆறு படி போட்டால் நாலு படி மிஞ்சும். பயந்துகொண்டு ரெண்டு படி போட்டால் கடைசியாக வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார், மறுநாள் வரமாட்டார்.

எங்கள் வரிசையில் ஒரு ரிட்டையர்டு டீச்சரம்மா இருக்கிறார். பென்ஷன் வருகிறது, வீட்டில் வயசான இரண்டு பேர் மட்டும். அவர்தான் முதலில் போய், "அம்மிணி, நாளைக்குக் காலையில எனக்கு எட்டு இட்லி, இப்பவே எழுதிக்கோ"ன்னு சொன்னவர். அதோடு நிற்கவில்லை. பக்கத்து வீடுகளில் கேட்டு, யாருக்கு எந்தக் கிழமை, எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதி மதியம் ரெண்டு மணிக்குள் மெஸ்ஸுக்குச் சொல்லிவிடுவார். அக்கா அந்த அளவுக்கு அரைப்பார். வீணாவது நின்றது. சும்மா ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: முப்பது வீடு ஆளுக்குப் பத்து இட்லி சொன்னால் முந்நூறு இட்லி. இட்லி ஏழு ரூபாய் என்று வைத்தாலும் 2,100 ரூபாய். அரிசி, உளுந்து, கேஸ், வாடகை போக ரெண்டு பெண்களுக்குக் கூலி நிற்கும். கடை நல்லா ஓடின நாளில் இதெல்லாம் ஒரு வியாபாரமே இல்லை. ஆனால் அப்போது அந்த மாவு அரைக்கிற அம்மாவுக்கு வேறு போக்கிடம் இல்லை.

நான் வாரம் ரெண்டு நாள் சொல்லி வைத்தேன். எங்கள் அத்தை மூக்கைச் சுளித்தார். "வீட்டுல பொம்பளை இருக்கக் கடை இட்லியா, நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்றார். தெருவில் நாலு பேர் நடமாடினால்தானே பார்ப்பதற்கு! சண்டை போடாமல் ஒரு கணக்குச் சொன்னேன். காலை டிபன், பதினோரு மணிக்கு டீ, மதியம் சாப்பாடு, நாலு மணிக்குப் பிள்ளைகளுக்குக் கொறிக்க ஏதாவது, ராத்திரி டிபன். வீட்டுக்காரர், பிள்ளைகள், பெரியவர்கள் எல்லாரும் இருபத்துநாலு மணி நேரமும் வீட்டில். நடுவில் செல்போனில் பாடம் நடக்கும், பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த நாட்களில் "அப்பாடா, எல்லாரும் வீட்டில் சந்தோஷமா இருக்கோம்" என்று சொன்ன ஆண்களில் எத்தனை பேர் அடுப்படிப் பக்கம் வந்தார்கள் என்பதை நீங்களே சொல்லுங்கள். வாரத்தில் ரெண்டு காலை எனக்கு அடுப்பு மூட்ட வேண்டாம் என்றால், அந்தக் காசு அக்காவுக்கும் கூலி, எனக்கும் ஓய்வு. மூணாவது வாரம் அத்தையே, "அந்தப் பிள்ளை வைக்கிற தக்காளிச் சட்னி எப்படின்னு கேட்டுட்டு வா"ன்னு அனுப்பினார்.

கடைச் சாப்பாட்டில் கொரோனா வந்துவிடுமோ என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. சமைத்த உணவு வழியாக அந்த நோய் பரவுகிறது என்பதற்கு ஆதாரமில்லை என்று உலக சுகாதார நிறுவனம் அப்போதே சொல்லிவிட்டது. கூட்டமும் மூச்சுக்காற்றும்தான் ஆபத்து. அதனால் எங்கள் ஏற்பாடு இப்படி: வீட்டுக்கு ஒரு நேரம் சொல்லிவிடுவார்கள், வரிசை கிடையாது. நாம் கொண்டுபோகும் தூக்குப் போசியைத் திறந்து வெளிப் பெஞ்சில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். அக்கா கரண்டி படாமல் மேலே இருந்து சாம்பாரை ஊற்றுவார். மூடியை நாமே மூடிக்கொண்டு வரலாம். வீட்டுக்கு வந்ததும் சாம்பாரை ஒரு கொதி விட்டால் போதும். ஊட்டிக் குளிருக்கு எப்படியும் கொதிக்க வைத்துத்தான் ஆகணும்.

தூக்குப் போசி எங்களுக்குப் புதுசில்லை. நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தமிழ்நாடு முழுக்க வந்தது 2019 ஜனவரி 1-ல்தான். சாம்பாரைக் கவரில் கட்டித் தர இங்கே எந்தக் கடைக்காரரும் துணியமாட்டார். ஊரடங்கில் கீழே இருந்து வாழை இலைக்கட்டு ஒழுங்காக வரவில்லை, வந்ததும் விலை அதிகம். நாம் பாத்திரம் கொண்டுபோனால் கடைக்கு அந்தச் செலவு மிச்சம். இன்னொன்று, இலை இல்லையே என்று செய்தித்தாளில் நேராக வடையைச் சுற்றி வாங்காதீர்கள். அச்சு மை உணவில் ஒட்டும், கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது.

செல்போனில் ஆர்டர் போட்டால் வாசலுக்கு வந்துவிடுமே என்று டவுனில் இருக்கும் என் நாத்தனார் கேட்டாள். வரும்தான். ஆனால் அந்தக் கம்பெனிகள் பில்லில் நூற்றுக்கு இருபது ரூபாய்க்குக் கிட்டத்தட்டக் கமிஷன் பிடித்துக்கொள்கின்றன என்று ஓட்டல்காரர்கள் நாடு முழுக்கப் புகார் சொன்னார்கள். 2022 ஏப்ரலில் இந்தியப் போட்டி ஆணையமே ஸ்விக்கி, ஸொமாட்டோ இரண்டின் மீதும் விசாரணைக்கு உத்தரவிட்டது. பெரிய ஓட்டல் தாங்கும். நாலு பெஞ்சு மெஸ் எங்கே போகும்? நடந்து போகிற தூரத்தில் கடை இருந்தால் நேரில் போய் வாங்குங்கள், முழுக் காசும் அவர்கள் கைக்குப் போகும். எங்கள் சந்துகளில் படி ஏறி வருவதற்குள் இட்லி ஆறிப்போவது தனிக் கதை.

2021 மே 10-ல் இரண்டாவது ஊரடங்கு வந்தது. பார்சலுக்குக் காலை 6 முதல் 10, மதியம் 12 முதல் 3, ராத்திரி 6 முதல் 9 என்று நேரம் போட்டார்கள். ஜூனில் மற்ற மாவட்டங்களுக்கு நிறையத் தளர்வு வந்தபோதும் நீலகிரியைக் கோவை, திருப்பூரோடு சேர்த்து 11 மாவட்டப் பட்டியலில் நிறுத்தி வைத்தார்கள். உட்கார்ந்து சாப்பிட அனுமதி ஜூலை 5-ந் தேதிதான், அதுவும் பாதி இருக்கைக்கு. முதல் ஊரடங்கைவிட இதுதான் கஷ்டமாக இருந்தது. கையிருப்பு எல்லாம் போன வருஷமே கரைந்துவிட்டதே. அப்போது சம்பளம் வரும் நாலைந்து வீடுகள் சேர்ந்து, பால் கார்டுக்கு முன்பணம் கட்டுவது போல மாத டிபன் காசை ஒண்ணாம் தேதியே கொடுத்துவிட்டோம். கடன் கேட்க அக்காவுக்குக் கூச்சம், தானமாக வாங்க அதைவிடக் கூச்சம். முன்பணம் என்றதும் நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்டார். நோட்டில் கழித்துக் கழித்து எழுதி, மாசக் கடைசியில் ரெண்டு தோசை பாக்கி என்று கூப்பிட்டுக் கொடுத்தார்.

எல்லாரும் வாங்க முடிந்தது என்று சொன்னால் பொய். வண்டி ஓடாத டிரைவர் வீடுகளில் ரேஷன் அரிசிதான் மூணு வேளையும். அவர்களிடம் போய் ஓட்டலை ஆதரியுங்கள் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. சம்பளமோ பென்ஷனோ தடையில்லாமல் வந்துகொண்டிருந்த வீடுகளைத்தான் நான் சொல்கிறேன். இவ்வளவு செய்தும் எங்கள் பக்கத்தில் ரெண்டு டீக்கடை மூடியே போயிற்று. ஒன்று இப்போது செல்போன் ரிப்பேர் கடை. வர்க்கி போடும் பேக்கரி ஒன்றும் பல மாதம் விறகடுப்பை அணைத்து வைத்திருந்தது. முந்தின நாள் புளித்த மாவை எடுத்து வைத்து மறுநாள் மாவில் சேர்த்தால்தான் ஊட்டி வர்க்கிக்கு அந்த ருசி. தொடர்ச்சி விட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பக்கத்து மாநிலமான கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் 2020-ல் ஊர் ஊராக ஜனகீய ஓட்டல் நடத்தினார்கள். சாப்பாடு 20 ரூபாய், பார்சல் என்றால் 25. அரசாங்கம் மானியம் கொடுத்துத் தாங்கியது. நம் பக்கம் அம்மா உணவகம் பசியை ஆற்றியது, அதை மறுக்க முடியாது. ஆனால் சொந்தமாகக் கடை வைத்த ஒரு பெண்ணைத் தாங்குவதற்கு எந்தத் திட்டமும் தெரு முனை வரை வரவில்லை. அங்கே வாடிக்கை வீடுகள்தான் மானியம்.

அதனால் அந்தச் சகோதரியிடம் நான் கேட்பது ஒன்றுதான். பார்சல் வாங்கினார்கள் என்று கணக்குப் பார்க்கும்போது, யாரிடம் வாங்கினார்கள் என்பதையும் பாருங்கள். கொரோனா போன பிறகும் சின்னக் கடைகளுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கவில்லை. 2021 நவம்பரில் கடைகளுக்கான 19 கிலோ சிலிண்டர் சென்னையில் 2,000 ரூபாயைத் தாண்டியது. மலைக்கு ஏறி வந்தால் கேட்கவே வேண்டாம். 2024 மே 7-ல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வெளியூர் வண்டிகளுக்கு மறுபடி இ-பாஸ் வந்தது. மலைக்கு அது தேவைதான் என்பது என் கருத்து. ஆனால் டூரிஸ்டை நம்பி இருக்கும் கடைகளுக்கு அப்போது வயிறு கலங்கியது. உள்ளூர் வாடிக்கை உள்ள மெஸ் அக்கா அவ்வளவாக அசரவில்லை.

டீச்சரம்மா இப்போது நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டார், முழங்கால் வலியால் படி இறங்க முடியவில்லையாம். பதினொரு வீடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இட்லி வேண்டுமென்றால் சனிக்கிழமை மதியம் ரெண்டு மணிக்குள் சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் சொன்னால் அக்கா, "உளுந்து அரைச்சு எடுத்தாச்சுங்க, இனி தோசைதான்" என்று சொல்லிவிடுவார்.

- ஒரு வாசகி, காந்தல், ஊட்டி.