அரை சுற்றிலேயே மூச்சு வாங்குதா? உடம்புக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்க!

காவலர் தேர்வுக்கு விண்ணப்பித்தாச்சு. எழுத்துத் தேர்வுக்கும் படிச்சாச்சு. இனி ஓடிப் பழகலாம் என்று ஒரு நாள் காலையில் ஷூவை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போகிறீர்கள். முதல் சுற்று முடிவதற்குள் மூச்சு முட்டுகிறது. விலா ஓரம் பிடித்து இழுக்கிறது. கால் கல் மாதிரி கனக்கிறது. ‘நமக்கு ஸ்டாமினாவே இல்லை, இது ஒத்துவராது’ என்று அங்கேயே முடிவு கட்டிவிடுகிறீர்கள்.

அதே மைதானத்தின் ஓரத்தில், ‘தினமும் நடங்க’ என்று டாக்டர் சொன்னதற்காக வந்த அம்மா ஒருவர் மூன்றாம் நாளே முட்டியைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

இருவருக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுதான். முதல் வாரத்து மூச்சுத்திணறலை வைத்து உங்கள் திறமையை அளக்காதீர்கள். உடம்பு இன்னும் தயாராகவில்லை என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். அது தயாராக ஒரு கால அட்டவணை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் அவசரப்பட மாட்டீர்கள். பாதியில் விடவும் மாட்டீர்கள்.

ஏழு நிமிடக் கணக்கு

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. (நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.)

400 மீட்டர் தடத்தில் 1,500 மீட்டர் என்பது மூன்றே முக்கால் சுற்று. ஒரு சுற்றுக்கு 112 விநாடி எடுத்துக்கொண்டாலே 7 நிமிடத்தில் முடிந்துவிடும். இது பாய்ந்து ஓட வேண்டிய வேகம் இல்லை. ஆனால் அந்த வேகத்தைக் கடைசி வரை விடாமல் பிடித்திருக்க வேண்டும். சிக்கல் அங்கேதான்.

ஓட ஆரம்பித்ததும் உள்ளே என்ன நடக்கிறது?

தசை சுருங்க எரிபொருள் வேண்டும். அது மூன்று வழிகளில் வருகிறது.

தசையிலேயே தயாராக இருக்கும் சேமிப்பு முதல் வழி. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறோமே, அந்தப் பத்து விநாடிக்கு அது போதும். ஆக்சிஜன் போதாத நிலையிலும் சர்க்கரையை வேகமாக உடைத்துச் சக்தி எடுப்பது இரண்டாவது வழி. இது ஒன்றிரண்டு நிமிடத்துக்குக் கைகொடுக்கும். மூன்றாவது, ஆக்சிஜனைக் கொண்டு சர்க்கரையையும் கொழுப்பையும் நிதானமாக எரிப்பது. மணிக்கணக்கில் நடக்கவும் ஓடவும் வைப்பது இதுதான்.

மூன்று வழிகளும் ஒன்றாகத்தான் வேலையைத் தொடங்கும். ஆனால் மூன்றாவது வழி விறகடுப்பு மாதிரி. பற்றிக்கொள்ள ஓரிரு நிமிடம் ஆகும். அதற்குள் நீங்கள் முழு வேகத்தில் பாய்ந்தால், பாரம் எல்லாம் முதல் இரண்டு வழிகள் மேல் விழும். மூச்சு இரைக்கும், தொடை எரியும். முதல் 200 மீட்டரில் எல்லாரையும் முந்திக்கொண்டு போனவர் மூன்றாவது சுற்றில் நடந்து வருவதற்குக் காரணம் இதுதான்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சரிசெய்துவிடலாம். ‘லாக்டிக் அமிலம் சேர்ந்துடுச்சு, அதான் மறுநாள் கால் வலிக்குது’ என்று மைதானத்தில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். அது சரியில்லை. ஓடும்போது உண்டாகும் லாக்டேட் கழிவுப்பொருள் அல்ல. இதயமும் மற்ற தசைகளும் அதையே எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் அது பெரும்பாலும் பழைய அளவுக்கு வந்துவிடும். மறுநாளும் அதற்கு மறுநாளும் வரும் வலிக்குக் காரணம், பழக்கமில்லாத வேலையால் தசை நார்களில் ஏற்படும் மிகச் சிறிய சேதம். அது சில நாளில் தானாக ஆறிவிடும்.

உடம்பின் கால அட்டவணை

பயிற்சியால் உடம்பு ஒரே நாளில் மாறாது. எல்லா உறுப்பும் ஒரே வேகத்திலும் மாறாது.

முதல் ஓரிரு வாரங்கள்: இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. இதனால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தை அனுப்ப முடிகிறது. அதே வேகத்தில் ஓடினாலும் துடிப்பு முன்பைவிடக் குறைவாக இருக்கும். ‘பரவாயில்லையே, கொஞ்சம் ஈஸியா இருக்கே’ என்று முதலில் தோன்றுவது இதனால்தான்.

ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள்: மாற்றம் தசைக்குள் நடக்கிறது. தசை நார்களைச் சுற்றி மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள் புதிதாக முளைக்கின்றன. தசையின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஆக்சிஜனைக் கொண்டு எரிபொருளை எரிக்கும் சின்னச் சின்ன உலைகள் உண்டு. பள்ளியில் படித்திருப்பீர்களே, மைட்டோகாண்ட்ரியா, அதுதான். 1967-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஹாலோசி, எலிகளைப் பன்னிரண்டு வாரம் ஓடவிட்டுச் சோதித்தார். அவற்றின் கால் தசையில் இந்த உலைகளின் திறன் சுமார் இரண்டு மடங்காகியிருந்தது. மனிதத் தசையும் பயிற்சிக்கு இதே வழியில்தான் பதில் சொல்கிறது என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

பல மாதங்கள்: இதயமே மாறுகிறது. அதன் அறைகள் சற்றுப் பெரிதாகி, ஒரு துடிப்பில் அதிக இரத்தத்தைத் தள்ளுகின்றன. சும்மா இருக்கும்போது நம் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தம் அனுப்புகிறது. கடுமையாக ஓடும்போது இது 20 லிட்டர் வரை போகும். நன்கு பயிற்சி பெற்ற நெடுந்தூர வீரர்களுக்கு 30 லிட்டரைத் தாண்டும். அவர்கள் ஓய்வில் இருக்கும்போது துடிப்பு நிமிடத்துக்கு 40-க்குப் பக்கத்தில் இருப்பதும் உண்டு.

எல்லாவற்றுக்கும் கடைசியாகத் தயாராவது எலும்பும் தசைநாண்களும். நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒரே மாதத்தில் மூச்சு பழகிவிடும். ‘இனி கவலையில்லை’ என்று தூரத்தை இரட்டிப்பாக்குவார்கள். மூச்சு தயார், எலும்பு தயாரில்லை. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி வரும். அதைப் பொருட்படுத்தாமல் தொடர்ந்து ஓடினால் எலும்பில் விரிசலே விழலாம். ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓட ஆரம்பிப்பதில் உள்ள பெரிய ஆபத்து இதுதான். தேர்வு நாளில் ஓட மூச்சு இருக்கும், கால் இருக்காது.

மூன்று வாரப் படுக்கையும் முப்பது வருட வயதும்

‘எனக்கு வயசாயிடுச்சு, இனிமே எங்க?’ என்று நினைப்பவர்களுக்கு ஒரு நிஜக் கதை. 1966-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில், 20 வயதுள்ள ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். எழுந்தபோது, ஆக்சிஜனைப் பயன்படுத்தும் அவர்களின் உச்சத் திறன் கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. பிறகு எட்டு வாரம் பயிற்சி கொடுத்ததும் இழந்தது திரும்பியது.

முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐந்து பேரை மறுபடி பரிசோதித்தார்கள். முப்பது வருட வயது செய்த சேதத்தைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகம் என்று தெரிந்தது. 50 வயதில் அவர்கள் ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி செய்தார்கள். முப்பது வருடத்தில் இழந்த திறன் திரும்பக் கிடைத்தது.

ஐந்து பேரை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான் இது. ஆனாலும் சும்மா இருப்பது எவ்வளவு இழப்பு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அப்போ எப்படிப் பழகுவது?

பேச்சுச் சோதனை: இதற்கு ஸ்மார்ட் வாட்ச் வேண்டாம். ஓடும்போதோ வேகமாக நடக்கும்போதோ பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? முடிந்தால் சரியான வேகம். பாட்டே பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டலாம். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் குறையுங்கள். வாரத்தில் பெரும்பாலான நாட்கள் இந்தப் பேசக்கூடிய வேகத்தில் ஓடினாலே போதும்.

ஓட்டமும் நடையும்: முதல் இரண்டு வாரம் ஒரு நிமிடம் மெதுவாக ஓடி, இரண்டு நிமிடம் நடங்கள். மொத்தம் 20 முதல் 25 நிமிடம், வாரம் மூன்று அல்லது நான்கு நாள். பிறகு ஓடும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இருபது நிமிடம் நிற்காமல் மெதுவாக ஓட வந்த பிறகு, வாரத்தில் ஒரே ஒரு நாள் வேகப் பயிற்சி: 400 மீட்டரை 110 விநாடியில் ஓடி, இரண்டு மூன்று நிமிடம் நடந்து, மறுபடியும். இதற்கெல்லாம் குறைந்தது மூன்று மாதம் ஒதுக்குங்கள். அறிவிக்கை வந்த அன்றே தொடங்கினால் நல்லது. அதற்கு முன்பே என்றால் இன்னும் நல்லது.

நாடி பாருங்கள்: காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே மணிக்கட்டில் விரல் வைத்து, செல்போன் கடிகாரத்தைப் பார்த்து 30 விநாடி எண்ணுங்கள். இரண்டால் பெருக்கினால் ஓய்வு நாடி. போனிலேயே குறித்து வையுங்கள். மாதங்கள் போகப் போக அது குறைந்தால் பயிற்சி வேலை செய்கிறது என்று அர்த்தம். வழக்கத்தைவிடத் திடீரெனக் கூடியிருந்தால் தூக்கம் போதவில்லை, காய்ச்சல் வரப்போகிறது, அல்லது பயிற்சி அதிகமாகிவிட்டது. அன்று ஓய்வெடுங்கள்.

முடித்ததும் உட்காராதீர்கள்: ஓடி நின்றதும் அப்படியே நின்றாலோ உட்கார்ந்தாலோ, காலுக்குப் போன இரத்தம் அங்கேயே தங்கி, தலைசுற்றி விழ வாய்ப்பு உண்டு. ஐந்து நிமிடமாவது நடந்துவிட்டு உட்காருங்கள்.

நம்ம ஊர் வெயில்

தசை செலவிடும் சக்தியில் சுமார் கால் பங்குதான் ஓட்டமாக மாறுகிறது. மீதி எல்லாம் வெப்பம். அதை வெளியேற்ற உடம்புக்கு உள்ள முக்கிய வழி வியர்வை. வியர்வை வழிந்தால் மட்டும் போதாது, ஆவியாக வேண்டும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் அது எளிதில் ஆவியாகாது. அதனால் சென்னையிலோ தூத்துக்குடியிலோ காலை ஏழரைக்கு ஓடுவது, ஊட்டியில் ஓடுவது மாதிரி இருக்காது. வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாட்கள் வேண்டும்.

சீக்கிரமே தொடங்குங்கள். தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். நீண்ட நேரம் வியர்த்தால் உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ நல்லது. எடை குறைய வேண்டும் என்று பிளாஸ்டிக் கோட்டோ தடித்த ஸ்வெட்டரோ போட்டு ஓடாதீர்கள். போவது தண்ணீர்தான், கொழுப்பு இல்லை.

ஓடும்போது ஒருவர் தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, மயங்கினாலோ அது வெப்பத் தாக்காக இருக்கலாம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கூடவே 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் குளிர்விக்கத் தொடங்குவதுதான் உயிரைக் காக்கும்.

தொடங்கும் முன் யார் டாக்டரைப் பார்க்க வேண்டும்?

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, இதய நோய் உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்போ திடீர் மரணமோ கண்டவர்கள் முதலில் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இலவசமாகப் பார்க்கலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர் வீட்டுக்கு வரும்போதும் கேட்கலாம். இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் பையில் இரண்டு மிட்டாய் வைத்திருங்கள். செருப்பில்லாமல் நடக்க வேண்டாம்.

ஓடும்போதோ நடக்கும்போதோ நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத மயக்கம், தாறுமாறான படபடப்பு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ‘கேஸா இருக்கும்’ என்று விடாமல் 108-ஐ அழையுங்கள். இது இருபது வயதுக்காரருக்கும் பொருந்தும்.

நடப்பவர்களும் இதே பாதையில்தான்

ஓட வேண்டும் என்று கட்டாயமில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு நாளைக்கு அரை மணி நேரம் வேகமாக நடந்தால், ஐந்து நாளில் 150 நிமிடம் கணக்கு முடிந்தது. 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அடையாளம் காணப்பட்டுள்ளது. முதல் நாளே எட்டையும் முடிக்க வேண்டாம். ஒன்றில் தொடங்குங்கள்.

உடல்நலம் குறித்த சந்தேகங்களுக்கு 104, அவசரத்துக்கு 108. இரண்டு எண்களையும் இப்போதே போனில் சேமித்துவிட்டு, நாளைக் காலை அலாரத்தையும் வைத்துவிடுங்கள். அரை சுற்றில் மூச்சு வாங்கினால் வாங்கட்டும். நடந்து முடித்துவிட்டு, நாளை மறுநாள் மறுபடி வாருங்கள்.