நிழல் நடுங்கலாகாது

ஸ்டாப் மோஷன் படத்தில் ஒளி எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு நேரம் மாறாமல் இருக்கிறது என்பதே முக்கியம். திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள். பொம்மையைச் சிறுகச் சிறுக நகர்த்தி அவற்றை எடுத்து முடிக்கச் சில மணி நேரம் ஆகிவிடும். அதற்குள் ஜன்னல் வெயில் சாயும், மின்னழுத்தம் ஏறி இறங்கும், அருகில் நிற்பவரின் வெள்ளைச் சட்டைகூடப் பொம்மையின் கன்னத்தில் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். அப்போது கண்ணில் படாத இந்த வேறுபாடுகள், படம் ஓடும்போது மினுமினுப்பாகத் துள்ளும். அதனால்தான் ஜன்னலை அடைத்து, விளக்குக்குச் சீரான மின்சாரம் கொடுத்து, கறுப்பு உடையில் வேலை செய்கிறார்கள். ‘கார்ப்ஸ் பிரைட்’ (2005) போன்ற படங்களை எடுத்த டிஜிட்டல் ஸ்டில் கேமராக்களில் இன்னொரு சிக்கல்: தானியங்கி லென்ஸின் துவாரம் ஒவ்வொரு முறையும் இம்மி பிசகாமல் ஒரே அளவுக்குச் சுருங்குவதில்லை. ஆகவே துவாரத்தைக் கையால் நிறுத்தும் லென்ஸ்களுக்கே மதிப்பு.

இதையெல்லாம் பிறகு கணினியில் சரிசெய்துகொள்ளலாமே என்று கேட்கலாம். மொத்த வெளிச்சம் கூடிக் குறைந்திருந்தால் மென்பொருள் சமன் செய்துவிடும். ஆனால் கை பட்டு விளக்கு திரும்பி, மூக்கின் நிழல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டால் அது அவ்வளவு லேசில் மீளாது. அசையாத ஒளியில் காட்சி உயிரற்றுப் போகாதா என்றால், அதுவும் இல்லை. மெழுகுவத்திச் சுடர் ஆட வேண்டுமா? சட்டகத்துக்குச் சட்டகம் விளக்கு எவ்வளவு எரிய வேண்டும் என்பதை முன்கூட்டியே மென்பொருளில் குறித்துவிடலாம். வேண்டிய நடுக்கம் எடுபட வேண்டுமானால், வேண்டாத நடுக்கம் முதலில் ஒழிய வேண்டும்.