ஒருசாலை மாணாக்கரும் வரலாறும்

ஓர் ஆசிரியரிடம் உடன் கற்றோரை ‘ஒருசாலை மாணாக்கர்’ என்பது பழைய உரையாசிரியர் வழக்கு. தொல்காப்பியத்திற்குச் சிறப்புப் பாயிரம் செய்த பனம்பாரனார் அந்நூலாசிரியரின் ஒருசாலை மாணாக்கர் என்பது மரபு. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் தொல்காப்பியம் அரங்கேறிற்று என்னும் செய்தி அப்பாயிரத்தாலேயே கிடைக்கின்றது. நூலினுள் இல்லாததை உடன் கற்றவர் காத்துத் தந்தார். பாயிரம் செய்தற்கு உரியாருள் உடன் கற்றவனையும் நன்னூல் சேர்த்தது இதுபற்றியே போலும்.

இது பண்டைக் காலத்திற்கு மட்டும் உரியதன்று. மலாயா நாட்டு ஆசிரியர்களைப் பயிற்றுவதற்கென இங்கிலாந்தில், லிவர்பூல் நகருக்கு அருகே கிர்க்பி என்னும் ஊரில், 1950களில் ஒரு கல்லூரி நடைபெற்றது. போர்க்காலத்தில் படைக்கலத் தொழிற்சாலைப் பணியாளர் தங்கிய விடுதிகளே அதன் கட்டடங்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூவினத்தாரும் அங்கே ஈராண்டு உடனுறைந்து பயின்றனர். 1956 பிப்ரவரி 7ஆம் நாள் துங்கு அப்துல் ரகுமான் அம்மாணவரிடையே மலாயாவின் விடுதலை நாளை அறிவித்தார். மலாக்காவில் மக்கள் திரளின்முன் அவர் அதனை அறிவித்ததோ பிப்ரவரி 20ஆம் நாள்.

நாளும் இடமும் ஏடுகளில் உள்ளன. ஆயின் அச்செய்தி கேட்ட இரவு விடுதி அறைகளில் என்ன பேசப்பட்டது? முதற் குளிர்காலத்தை எவ்வாறு கழித்தனர்? அயலவர் பிள்ளைகள்முன் நடத்திய முதற் பாடம் எது? இவற்றை உடன் பயின்றோரே கூற வல்லர்.

முதியோர் தம் வாழ்வை எண்ணிப் பார்க்குங்கால், ஏறத்தாழ 10 முதல் 30 வயதுக்குள் நிகழ்ந்தவையே மிகுதியாக நினைவில் எழுகின்றன என்பது உளநூலார் கண்ட உண்மை. முதன்முறையாக நிகழ்வன ஆழப் பதிதல் அதற்கொரு காரணம் என்பர். எனினும் நினைவு பிழைபடுவதும் உண்டு. பலர் கூடிப் பேசும்போது ஒருவர் பிழையை மற்றவர் திருத்துவர்; சிலபோது ஒருவர் கூற்றே மற்றவர் நினைவையும் மாற்றிவிடும். ஆதலின் ஒவ்வொருவரையும் முதலில் தனித்தனியே வினவி எழுதிக்கொண்டு, பின்னரே ஒருங்கிருத்தி ஒப்பிடுதல் தக்கது. ஆண்டு, இடம், உடனிருந்தார் பெயர் ஆகிய மூன்றும் குறிக்கப்பெறல் வேண்டும்.

கிர்க்பிக் கல்லூரி 1962இல் மூடப்பட்டது. அதன் இறுதி மாணாக்கரும் இன்று எண்பதைக் கடந்தவர். அவ்வயதினர் தம்முள் பகிரும் செய்தியில் பேரப்பிள்ளைகளின் திருமணம் ஒன்றாயின், மறைந்தோர் பெயர் இரண்டாக இருக்கும். கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ பெட்டாலிங் ஜெயாவிலோ ஒரு முதிய ஆசிரியர் மறையும்போது, சான்று ஒன்றும் உடன் மறைகின்றது. அக்கல்லூரிக்கு மட்டுமன்று, தோட்டப்பள்ளிகளுக்கும் பிற பயிற்சிக் கல்லூரிகளுக்கும் இது பொருந்தும்.

எனவே, தமிழாசிரியர்கள் தம் மாணாக்கரைக் கட்டுரைப் பயிற்சிக்காக இம்முதியோரிடம் அனுப்புதல் நன்று. மாணாக்கர்க்கு மொழிப்பயிற்சி கிட்டும். முதியோர்க்குக் கேட்பார் ஒருவர் கிட்டுவர். வரலாற்றுக்கும் ஒரு பாயிரம் கிட்டும். நாளை செய்யலாம் என ஒத்திவைக்கத்தக்க பணி அன்று இது.