கண்டெடுத்த படச்சுருளும் இருண்ட மண்டபமும்

கொழும்பு மாநகரத்தில் மருதானை என்றதும், புகையிரத நிலையத்தை அடுத்து முதியோர் பலரின் நினைவுக்கு வருவன அங்கிருந்த நாடக மண்டபமும் படமாளிகையுமே. 1911 ஆம் ஆண்டு டிசெம்பரில் திறக்கப்பட்ட டவர் மண்டபம் முதலில் சிங்கள நாடகங்களுக்கு உறைவிடமாக விளங்கிப் பின்னர் படமாளிகையாகவும் மாறிற்று. எல்பின்ஸ்டன் மாளிகை 1925 இல் எழுந்தது. அதே 1925 இன் டிசெம்பரில்தான் கொழும்பு வானொலியும் முறையாகத் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. இஃது ஒரு தற்செயலான ஒற்றுமையே. ஆயினும், இன்று ஆராயப் புகும் பொருளுக்கு அது மிகவும் பொருந்தும். ஏனெனில் இங்கே விளக்கப்படும் ஒருவகைப் பேய்ப்படம், திரையில் ஓடுவதாயினும், அச்சமூட்டும் முறையில் வானொலிக்கே நெருங்கிய உறவுடையது.

தமிழ்த் திரைப்படத்தின் பேய் எத்தகையது என்பதை நேயர்கள் நன்கறிவர். வெண்சேலை, விரித்த கூந்தல், நள்ளிரவில் தொலைவிலிருந்து மிதந்துவரும் பாட்டு, கொலுசொலி ஆகியவை வந்தால் போதும். பேய் வந்துவிட்டது என்று கலரியில் இருக்கும் சிறுவனும் சொல்லிவிடுவான். 1966 இல் வெளிவந்த ‘யார் நீ’ போன்ற படங்களில், அத்தனையும் மனிதர் செய்த சூழ்ச்சியே என்பது இறுதியில் வெளிப்படும். பார்த்தவர் நிம்மதியுடன் வீடு திரும்புவர். ஒளியமைப்பும் இசையும் நடிகர்களின் பழகிய முகங்களும், ‘இது கதைதான், அஞ்சற்க’ என்று இடையறாது சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அச்சத்தோடு அபயமும் சேர்த்தே வழங்கப்படுகின்றது.

அந்த அபயத்தைப் பறித்துவிட்டால் என்னவாகும்? இவ்வினாவிற்கு விடையாகத் தோன்றியதே ‘கண்டெடுத்த படச்சுருள்’ எனப்படும் படவகை. ‘இதனை எவரும் கதையாக எடுக்கவில்லை; இறந்துபோன சிலர் தம் கையிலிருந்த கமராவில் பதிவு செய்தது இது; பின்னர் நமக்குக் கிடைத்தது’ என்பதே இவ்வகையின் பாவனை. உத்தி புதிதன்று. 1897 இல் வெளிவந்த பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவல் நாட்குறிப்புகளும் கடிதங்களுமாகவே அமைந்தது. திரையில் இதனை உலகறியச் செய்த படம் 1999 இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘த பிளேர் விச் புரொஜெக்ட்’ ஆகும்.

டானியல் மைரிக், எடுவார்டோ சாஞ்செஸ் என்னும் இரு இளைஞர் அதனை இயக்கினர். மேரிலாந்து மாநிலத்துக் காட்டில் 1997 ஒக்டோபரில் எட்டு நாள்களில் படப்பிடிப்பு முடிந்தது. ஆரம்பச் செலவு 35,000 முதல் 60,000 டொலர் வரை என மதிப்பிடப்படுகின்றது; ஒலிச்சேர்க்கை முதலிய பிற்கால வேலைகளால் அது பின்னர் உயர்ந்தது. உலகெங்கும் கிடைத்த வசூலோ ஏறத்தாழ 24 கோடியே 80 இலட்சம் டொலர்!

படமெடுத்த முறைதான் கவனிக்கத்தக்கது. ஹெதர் டொனஹ்யூ, மைக்கேல் வில்லியம்ஸ், ஜொஷுவா லெனார்ட் ஆகிய மூன்று நடிகரும் தம் சொந்தப் பெயர்களிலேயே நடித்தனர். எழுதிய வசனம் கிடையாது. கமராவையும் அவர்களே தூக்கிச் சென்றனர். அன்றன்று செய்யவேண்டியவற்றைக் குறித்த சீட்டுகள் காட்டில் குறித்த இடங்களில் வைக்கப்பட்டன. நாள் செல்லச் செல்ல உணவு குறைக்கப்பட்டது. நள்ளிரவில் கூடாரத்திற்கு வெளியே சிறுவர் குரல்கள் கேட்கும்படி, முன்னரே பதிந்த ஒலிநாடாவை இயக்குநர்கள் ஒலிக்கச் செய்தனர். திரையில் தெரியும் சோர்விலும் எரிச்சலிலும் ஒரு பகுதி நடிப்பே அன்று, பசியும் தூக்கமின்மையுமே.

இப்படத்தில் சூனியக்காரி ஒருமுறையேனும் தோன்றுவதில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இருளில் ஓடும் ஒரு காட்சிக்காக, கலை இயக்குநர் வெள்ளாடை அணிந்து மரங்களிடையே நின்றார். ஓடிய ஹெதர் அவரைக் கண்டு அலறினார். ஆனால் கமரா அப்பக்கம் திரும்பவே இல்லை, வெள்ளுருவம் பதிவாகவில்லை. இயக்குநர்களும் அக்காட்சியை மீண்டும் எடுக்கவில்லை. கமரா திரும்பியிருந்தால், வெள்ளாடை உடுத்த ஒரு மனிதர் மரத்தடியில் நிற்பதைப் பார்வையாளர் கண்டு சிரித்திருக்கவும் கூடும். இப்போதோ அந்த அலறல் மட்டுமே எஞ்சி நிற்கின்றது. எதனைக் கண்டு அலறினார் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் மனத்திலிருந்தே வரைந்துகொள்ள வேண்டியதாகின்றது. புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யைப் படித்தவர்களுக்கு இந்த வித்தை புதிதன்று. வந்தவள் யார் என்று அக்கதை முடிவாகச் சொல்வதில்லை. அதனாலேயே அது மறக்கப்படுவதுமில்லை.

வானொலியின் உறவு இங்கேதான் புலனாகின்றது. வானொலி நாடகத்தில் ஒரு கதவு கிறீச்சிட்டால், அக்கதவைக் கேட்போரே அமைத்துக்கொள்கின்றனர். 1938 ஒக்டோபர் 30 ஆம் நாள் ஓர்சன் வெல்ஸ் என்பார், செவ்வாய்க் கிரகத்தவர் பூமியைத் தாக்கும் கதையை அமெரிக்க வானொலியில் செய்தி அறிவிப்புகள் போல அமைத்து ஒலிபரப்பினார். நாடே தெருவில் இறங்கி ஓடிற்று என்று மறுநாட் பத்திரிகைகள் எழுதியது பெரிதும் மிகைப்படுத்தப்பட்டது என்பதே பிற்கால ஆய்வாளர் பலரின் கருத்து. எனினும், கேட்டவருள் சிலர் உண்மையாகவே கலங்கினர். அவர்களைக் கலக்கியது செவ்வாய்க் கிரகத்தவர் அல்லர். செய்தி வாசிப்போனின் பழகிய குரல்.

அவ்வாறே, கண்டெடுத்த படச்சுருளிலும் நம்பவைப்பது கதையன்று, குறைபாடே. ஆடும் படம், மங்கிய ஒளி, பாதியில் அறுந்த பேச்சு ஆகிய யாவும் வீட்டுத் திருமணத்தை உறவினர் ஒருவர் எடுத்த ஒளிப்பதிவை நினைவூட்டும். பொய் சொல்பவன் இத்தனை மோசமாகவா சொல்வான் என்று மனம் மயங்குகின்றது. பணமின்மையே இங்குச் சான்றாகிவிடுகின்றது. பெருஞ்செலவில் இத்தகைய படத்தை எடுப்பவர்கள், காசு கொடுத்து ஏழ்மையை வாங்க வேண்டியிருக்கும்!

ஆடும் படத்தால் வேறொரு தொல்லையும் உண்டு. ‘பிளேர் விச்’ ஓடியபோது அமெரிக்கப் படமாளிகைகளில் சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் ஏற்பட்டன. உடல் அசைகின்றது என்று கண் அறிவிக்கின்றது. அசையவில்லை என்று உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு அறிவிக்கின்றது. இம்முரண்பாட்டால் வயிறு கலங்குகின்றது. மலைப்பாதையில் பேருந்தினுள் புத்தகம் படிப்போருக்கு நேர்வதன் மறுதலை இது. முன்வரிசையில் திரை கண் முழுவதையும் நிறைத்துவிடுவதால் அங்கே துன்பம் மிகும். பின்வரிசையில், திரையின் விளிம்பும் சுவரும் தெரியுமிடத்தில் குறையும். இவ்வகைப் படத்திற்குக் கலரியைவிடப் பின்னிருக்கையே நன்று.

2009 இல் பரவலாகத் திரையிடப்பட்ட ‘பாரநோர்மல் அக்டிவிட்டி’ இத்தொல்லையைத் தவிர்த்தது. ஒரென் பெலி என்பவர் தம் சொந்த வீட்டிலேயே சுமார் 15,000 டொலரில் எடுத்த படம் அது. படுக்கையறையில் கமரா அசையாது நிற்கும்; இருவர் உறங்குவர்; மூலையில் நேரம் ஓடும். ஒன்றும் நிகழாத அச்சட்டத்துள், கதவையும் போர்வையையும் நிழலையும் மாறி மாறித் தேடுவதே பார்வையாளரின் வேலை. அதன் விளம்பரம் படத்தைவிட, இருண்ட மண்டபத்தில் அலறும் மக்களையே அதிகமாகக் காட்டியது. விற்கப்பட்டது அந்தக் கூட்டு அலறலே போலும். நம் அயலிலும், 2013 இல் கன்னடத்தில் ‘6-5=2’ என்னும் படம், மலையேறச் சென்ற நண்பர்களின் கதையை இவ்வுத்தியில் சொன்னது.

மண்டபத்தின் பங்கு இதில் சிறிதன்று. நுழைவுச்சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, அறிமுகமற்ற முந்நூறு பேரிடையே அமர்பவர் ஏமாற்றப்படுவதற்கு உடன்பட்டே அமர்கின்றார். அலறலின் பின் எழும் சிரிப்பு அவ்வுடன்பாட்டின் அடையாளம். வீட்டுக் கூடத்தில் அந்த உடன்பாடு இல்லை. 1992 ஒக்டோபர் 31 இரவு பி.பி.சி. தொலைக்காட்சி ‘கோஸ்ட்வொச்’ என்னும் நிகழ்ச்சியைக் காட்டியது. மக்கள் நன்கறிந்த மைக்கேல் பார்க்கின்சனே தொகுப்பாளராகத் தோன்றினார். நேரடி ஒளிபரப்புப் போன்ற அது, உண்மையில் முன்னரே பதிவுசெய்யப்பட்ட நாடகம். தொலைபேசி அழைப்புகள் குவிந்தன; கண்டனமும் எழுந்தது; பி.பி.சி. தன் தொலைக்காட்சியில் அதனை மீண்டும் காட்டவில்லை. நாள்தோறும் செய்தி தரும் ஊடகம் ஒன்று தன் மீதுள்ள நம்பிக்கையையே அச்சத்திற்கு மூலதனமாக்குவது, படமாளிகையின் விளையாட்டினும் பன்மடங்கு பாரதூரமானது.

‘பிளேர் விச்’சும் இவ்வெல்லையைக் கடக்காமலில்லை. படத்திற்கு முன்பே இணையதளத்தில் மூவரும் காணாமற் போனவர்கள் என்ற கதை பரப்பப்பட்டது. ‘காணவில்லை’ என்ற துண்டுப்பிரசுரங்களும் வழங்கப்பட்டன. திரைப்படத் தகவல் ஏடு ஒன்றில் அவர்கள் இறந்தோராகக் கருதப்படுவோர் என்று இடம்பெற்றனர். உயிரோடிருந்த ஹெதரின் தாயாருக்கு அனுதாபக் கடிதங்கள் வந்து சேர்ந்தன. நடிகர்கள் இறந்தவர்களாக இருக்கவேண்டுமாதலால், படம் வெளிவந்த வேளையில் அவர்கள் பொதுமக்கள் முன் தோன்றாது ஒதுக்கி வைக்கப்பட்டனர். தம் முகத்தையும் சொந்தப் பெயரையும் கமராப் பிடித்த கையையும் கொடுத்த அம்மூவரும், தங்களுக்கு உரிய பங்கும் தம் பெயர்களைப் பயன்படுத்துவதில் கலந்தாலோசனையும் வேண்டுமென, கால் நூற்றாண்டின் பின், 2024 இல், பகிரங்கமாகக் கோரினர். ஹெதரோ அதற்கு முன்னரே அப்பெயரை விட்டு வேறு பெயர் பூண்டுவிட்டார்.