வீட்டு நாய் குட்டி போடணும்னு ஆசையா? கொஞ்சம் நில்லுங்க!

"அண்ணாச்சி, பிரசவ லேகியம் ஒரு கால் கிலோ வேணும். நல்லா பூண்டு தூக்கலா இருக்கணும், ஆமா!"

சாயங்கால நேரம். பாளையங்கோட்டையில் என் வைத்தியசாலையில் கூட்டம் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. கேட்டவர் பக்கத்துத் தெரு அம்மா. எனக்கோ ஆச்சரியம். அவர் மருமகளுக்கு ஏழாவது மாசம்தானே நடக்கிறது? அதற்குள்ளேயா?

"யாருக்கும்மா குழந்தை பிறந்திருக்கு?"

"எங்க வீட்டு ரோஸிக்குத்தான் அண்ணாச்சி. முந்தாநாள் ராத்திரி அஞ்சு குட்டி. பச்ச உடம்புல்லா... வயித்துப் புண்ணு ஆற வேண்டாமா?"

சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டேன். அந்த அம்மாவின் பாசம் நிஜம். ஆனால் லேகியத்தைக் கொடுக்க முடியாது. நமக்கு மருந்தாகிற பூண்டும் வெங்காயமும் நாய்க்கு ஆகாது. ரத்தத்தில் இருக்கிற சிவப்பணுக்களை உடைத்துவிடும். "மிச்சம் மீதி குழம்புச் சோறுதானே போடுதோம், ஒண்ணும் ஆகலையே?" என்றார். கொஞ்சமாகச் சாப்பிடும்போது வெளியே தெரியாது. தினமும் உருண்டை உருண்டையாகக் கொடுத்தால் ரத்தசோகைதான் வரும். கால்நடை மருத்துவமனைக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

'சித்த வைத்தியருக்கு நாய் விஷயத்தில் என்ன வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த அம்மா செய்யப் பார்த்ததைவிடப் பெரிய தப்பை நானே செய்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

மல்லியின் கதை

2011-ல் எங்கள் வீட்டில் மல்லி என்று ஒரு பெட்டை நாய் இருந்தது. பொமரேனியன் என்று சொல்லி வாங்கியது. நம்ம ஊரில் பொமரேனியன் என்று விற்கிற பெரும்பாலான வெள்ளை நாய்களைப் போல அதுவும் ஸ்பிட்ஸ்தான். அதற்கு ஒன்றே கால் வயசு இருக்கும்போது இரண்டாவது தடவையாகப் பருவத்துக்கு வந்தது. "ஒரு தடவையாவது குட்டி போட்டாத்தான் உடம்புக்கு நல்லது" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். படித்த வைத்தியன் நான், நானும் தலையாட்டினேன்! குழந்தைகளுக்கும் குட்டி பார்க்க ஆசை. தெரிந்தவர் வீட்டுக் கடுவனோடு சேர்த்துவிட்டோம். கூலியாக அவருக்கு ஒரு குட்டி தருவதாகப் பேச்சு.

சினை தங்கியதும் என் வைத்தியம் ஆரம்பமாயிற்று. வயிற்றில் வளர்கிற குட்டிகளுக்கு எலும்பு பலப்பட வேண்டுமே என்று பாலில் சங்கு பற்பம் கலந்து தினமும் கொடுத்தேன். கர்ப்பிணிகளுக்குச் சுண்ணாம்புச் சத்து கொடுப்பதில்லையா, அதே நினைப்பு. பிரசவம் சுகமாக நடந்தது. ஐந்து குட்டிகள். எனக்கு ஒரே பெருமை.

பதினெட்டாவது நாள் ராத்திரி. மல்லி ஓயாமல் இளைத்தது. குட்டிகளிடம் படுக்காமல் இங்கும் அங்கும் அலைந்தது. கால்கள் மரக்கட்டை மாதிரி விறைத்தன. கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் துடிக்க ஆரம்பித்தது. தொட்டால் அடுப்பைத் தொட்ட மாதிரி சூடு! ஜுரம் என்று நினைத்து ஈரத்துணி போட்டேன். வலிப்பு வந்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு கால்நடை டாக்டர் வீட்டுக்கு ஓடினோம்.

அவர் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். பால் கொடுக்கிற தாய்க்கு ரத்தத்தில் கால்சியம் சட்டென்று குறைந்து போவதால் வருகிற வலிப்பு. குட்டி போட்ட முதல் நாலு வாரத்தில், அதிலும் சின்ன ஜாதி நாய்களுக்கு அதிகம் வரும். "சினையா இருக்கும்போது ஏதாவது கால்சியம் கொடுத்தீங்களா?" என்று கேட்டார். சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, விளக்கினார்.

எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கிற வேலையைக் கழுத்தில் இருக்கிற சின்னச் சுரப்பிகள் செய்கின்றன. வெளியிலிருந்து தினமும் ஊட்டிக்கொண்டே இருந்தால் அவை 'நமக்கென்ன வேலை' என்று சோம்பிப் போகின்றன. பால் சுரந்து திடீரென்று தேவை கூடும்போது அவற்றால் எழுந்து வேலை செய்ய முடிவதில்லை. ஆக, நல்லது என்று நினைத்து நான் கொடுத்ததே வினையாகியிருக்கிறது!

நரம்பில் கால்சியம் ஊசியைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடுமாம். ஸ்டெதஸ்கோப்பை மார்பிலிருந்து எடுக்கவே இல்லை. அரை மணி நேரத்தில் துடிப்பு அடங்கி மல்லி தலையைத் தூக்கிப் பார்த்தது. என் மகள் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. மனுஷ உடம்புக்கு எழுதிய அளவை இன்னொரு உயிருக்குக் கொடுக்கிற பழக்கத்தை அன்றோடு விட்டேன். வாசகர்களுக்கும் சொல்கிறேன்... பற்பம், லேகியம், வீட்டில் மிச்சமிருக்கிற ஜுர மாத்திரை எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள்.

"ஒரு தடவையாவது..."

இந்தப் பேச்சுக்கு ஆதாரமே இல்லை. ஒரு தடவைகூட குட்டி போடாத பெட்டை நாய் நன்றாகவே வாழும். சொல்லப்போனால், சின்ன வயசிலேயே கருத்தடை செய்த நாய்களுக்கு மார்பில் கட்டி வருவது வெகுவாகக் குறைகிறது. கருப்பையில் சீழ் பிடிக்கிற ஆபத்தும் இல்லை. கருத்தடை செய்யாத நாய் நடுவயசு தாண்டிய பிறகு, பருவம் முடிந்த ஒன்றிரண்டு மாதத்துக்குள் குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, சோறு தள்ளி, துர்நாற்றத்தோடு வடிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். வெளியே வடியாமல் உள்ளேயே தேங்குவதும் உண்டு. அது இன்னும் மோசம்.

சரி, எல்லாம் தெரிந்துதான் ஆசைப்படுகிறீர்கள் என்றால், முதலில் வயசைப் பாருங்கள். வியாபாரமாக நாய் வளர்ப்பவர்களுக்கு 2017-ல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், பதினெட்டு மாதம் ஆகாத பெட்டையை இணை சேர்க்கக்கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. 'நாங்க என்ன கடையா வச்சிருக்கோம்' என்று கேட்காதீர்கள். உங்கள் வீட்டு நாயின் உடம்பும் அதே உடம்புதானே! நான் மல்லியைப் பதினைந்தாவது மாதத்திலேயே சேர்த்துவிட்டேன்.

அப்புறம், சொந்தம். அண்ணன் தங்கை, அப்பா மகள் என்று பார்க்காமல் 'ஜாதி சுத்தம்' என்று சேர்த்துவிடுகிறார்கள். மாமன் மகள், அத்தை மகன் கல்யாணத்தில் வருகிற சிக்கலை நம்மிடமே டாக்டர்கள் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நாய்களிடம் நடப்பது அதற்கும் மேலே.

நம்ம ராஜபாளையம் நாயையே எடுத்துக்கொள்ளுங்கள். 2005-ல் தபால் தலையில் இடம்பெற்ற பெருமை அதற்கு உண்டு. பால் வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்கும்தான் அழகு என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தோம். அந்த வெள்ளையோடு செவிட்டுத்தன்மையும் சேர்ந்தே வருகிறது. தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்கள் உள்காதுக்கும் தேவை. அவை அங்கே போய்ச் சேராவிட்டால், குட்டி பிறந்த சில வாரத்தில் காது போய்விடும். குட்டிக்கு ஐந்தாறு வாரம் ஆனதும் மற்றக் குட்டிகளிடமிருந்து பிரித்து, அது பார்க்காத திசையிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டைத் தட்டிப் பாருங்கள். கூட்டத்தோடு வைத்துத் தட்டினால் மற்றது திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பும், ஏமாந்துபோவோம்! ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இந்தச் சோதனையில் கண்டுபிடிக்க முடியாது. செவிட்டுக் குட்டியை ஈன்ற ஜோடியை மறுபடி சேர்க்காமல் இருப்பதுதான் நாம் செய்யக்கூடியது. இதை ஒளித்து, குட்டியை விற்றுவிடுகிறவர்களும் உண்டு. என்னத்தைச் சொல்ல!

லாப்ரடார் என்றால் இடுப்பு மூட்டுக் கோளாறு, பக் என்றால் மூச்சுத் திணறல். இரண்டும் வம்சத்தில் வருவதுதான். நடக்கும்போது இடுப்பை ஆட்டி ஆட்டி நடக்கிற லாப்ரடாரை 'என்ன ஸ்டைலா நடக்குது' என்று ரசிக்காமல் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு போன்ற குளிர்தேச நாய்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக்கூடாது என்று 2024-ல் தமிழக அரசு வெளியிட்ட நாய் வளர்ப்புக் கொள்கை சொன்னது. திருநெல்வேலி சித்திரை வெயிலில் அந்தக் கம்பளி உடம்பு படுகிற பாட்டைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கடுவன் வீட்டுக்காரரிடமும் கேட்க வேண்டியதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். இணை சேரும்போது தொற்றுகிற கட்டி ஒன்று நம் ஊர் நாய்களிடம் சகஜம். புரூசெல்லா என்ற கிருமி கருவைக் கலைத்துவிடும், மனிதருக்கும் தொற்றும். இரண்டு நாய்க்கும் ரத்தப் பரிசோதனை செய்த பிறகுதான் மற்றப் பேச்சு.

அறுபத்து மூன்று நாள்

சினைக்காலம் சுமார் 63 நாள். சில நாள் முன்னே பின்னே ஆகலாம். முதல் மாதம் சாப்பாட்டைக் கூட்ட வேண்டியதில்லை. கடைசி மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாகக் கூட்டுங்கள். பால் கொடுக்கும்போது வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்குகூடச் சாப்பிடும். அப்போது கணக்குப் பார்க்கக்கூடாது. ஐம்பத்தைந்து நாளுக்குமேல் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிட்டால் எத்தனை குட்டி என்று தெரிந்துவிடும். பிரசவ ராத்திரியில் 'இன்னும் ஒண்ணு உள்ளே இருக்குமோ?' என்ற தவிப்பு மிச்சம்.

நாயின் சாதாரண உடல் வெப்பம் 101, 102 டிகிரி. அது 99-க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் பிரசவம். விடாமல் முக்கி அரை மணி ஆகியும் குட்டி வராவிட்டாலும், ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனாலும், முதல் குட்டிக்கு முன்பே பச்சையாக நீர் வடிந்தாலும் காத்திருக்கக்கூடாது. எந்த டாக்டர் ராத்திரி வருவார், ஆபரேஷன் வசதி எங்கே இருக்கிறது, அதற்குக் கையில் பணம் இருக்கிறதா என்பதை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். ஆட்டோக்காரர் நம்பரையும்தான்.

பிறந்த குட்டிக்கு முதல் இரண்டு வாரம் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. சிமெண்டுத் தரையில் விட்டால் விறைத்துவிடும். தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். எடை ஏறாத குட்டிக்கு ஏதோ கோளாறு. தாய்க்குப் பால் இல்லையென்று பசும்பாலை அப்படியே ஊற்றாதீர்கள். நாய்ப்பாலில் இருக்கிற கொழுப்பும் புரதமும் அதில் பாதிகூட இல்லை. குட்டிகளுக்கென்றே பவுடர் கிடைக்கிறது. இரண்டாவது வாரத்திலிருந்து பூச்சி மருந்து, ஆறு எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி. பார்வோ வந்து ரத்தமாகப் போகிற குட்டிக்கு மாதுளம்பழத் தோல் கஷாயம் கேட்டு என்னிடம் வருகிறார்கள். அதற்கு வேண்டியது நரம்பில் ஏற்றுகிற குளுக்கோஸ் நீர். கஷாயத்தில் போகிற ஒரு நாளில் குட்டி போய்விடும்.

குட்டிகள் எங்கே?

மல்லியின் ஐந்து குட்டிகளில் இரண்டு ஆண், மூன்று பெட்டை. ஆண்களில் ஒன்று கடுவன் வீட்டுக்காரருக்கு. இன்னொன்றுக்கு நாலு பேர் போட்டி. முன்பு "எனக்கு ஒண்ணு எடுத்து வச்சிருங்க சார்" என்று சொன்னவர்கள் எல்லாம் வந்தார்கள். வாலைத் தூக்கிப் பார்த்தார்கள். "பொட்டையா? வேண்டாம் சார், வருஷத்துக்கு ரெண்டு தடவை யாரு பாக்குறது?" மனுஷக் குழந்தையிலும் இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த ஊர்தானே நமது.

ஒன்றை நாங்களே வைத்துக்கொண்டோம். ஒன்றை என் மைத்துனர் எடுத்துப் போனார். மூன்றாவதைக் கட்டட கான்டிராக்டர் ஒருவர் வேலைநடக்கிற இடத்துக் காவலுக்கு என்று கேட்டார். வீட்டுக்குத் தொல்லை தீர்ந்தது என்று கொடுத்துவிட்டேன். அவர் வீட்டில் யார் இருக்கிறார்கள், வேலை முடிந்தால் குட்டி எங்கே போகும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன். கட்டடம் முடிந்து பெயிண்டும் அடித்திருந்தார்கள். கான்டிராக்டர் வேறு ஊரில். பக்கத்து டீக்கடைக்காரர், "வெள்ளை நாயா? இங்கதான் சுத்திக்கிட்டிருந்தது, வயித்துல குட்டியோட... பத்து நாளா காணோம்" என்றார். மூன்று நாள் ஸ்கூட்டரில் தேடினேன். கிடைக்கவில்லை.

அதனால்தான் இப்போது கேட்பவர்களிடம் சொல்கிறேன்: இணை சேர்ப்பதற்கு முன்பே எடுப்பவர் பெயரை எழுதுங்கள், பெட்டையானாலும் எடுப்பேன் என்று சொல்கிறவர் பெயரை மட்டும். முடியாமல் போனால் என்னிடமே திருப்பித் தரவேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். திரும்பி வந்தால் வாங்கிக்கொள்ள வீட்டில் இடமும் மனசும் வேண்டும். எட்டு வாரம் வரை தாயோடும் உடன்பிறப்போடும் இருந்தால்தான் கடிக்கிற பல்லை அடக்கக் கற்றுக்கொள்ளும். முப்பது நாளில் தூக்கிக் கொடுத்த குட்டி, பின்னால் அந்த வீட்டுக் குழந்தையின் கையைப் பதம் பார்க்கும்போது குட்டியைத்தான் திட்டுவார்கள்.

மல்லிக்கு அந்த வருஷமே கருத்தடை செய்துவிட்டோம். பதிமூன்று வயசு வரை இருந்தது.

ரோஸி வீட்டு அம்மா போன வாரம் மறுபடி வந்தார். ஐந்தில் மூன்று குட்டி நல்ல இடத்துக்குப் போய்விட்டதாம். இரண்டு பெட்டை மிச்சம். ஒன்றை அவரே வளர்க்கப்போகிறார். இன்னொன்றை எங்கள் தெரு போஸ்ட்மாஸ்டர் கேட்டிருக்கிறார். ரோஸிக்குப் பால் வற்றியதும் ஆபரேஷனுக்கு நாள் வாங்கியாயிற்று.

"அப்புறம் அண்ணாச்சி, அந்த லேகியம்..."

திடுக்கிட்டு நிமிர்ந்தேன்.

"மருமகளுக்குல்லா! அடுத்த வாரம் நாள் குறிச்சிருக்காக. பூண்டு தூக்கலா போடுங்க."

அரைக் கிலோவாகவே கட்டிக் கொடுத்தேன்.